காத்திருந்தாள் சந்து

மழை விட்டும் விடாத மதியம். சந்து முனையில் ஏணிமேல் நின்ற பெயர்ப்பலகைக்காரன் கையிலிருந்து தூரிகை நழுவி, கீழே போன குடைமேல் விழுந்தது.

குடை விலகியது. மை தீட்டாமலே கறுத்த இரண்டு கண்கள்... கோபமாக.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?"

"இவ்வளவு நேரம் பலகை மேலதாங்க வெச்சிருந்தேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நகராட்சியில் தெருப் பெயர்ப் பதிவேடு எழுதுகிறவள் அவள். அவள் குடியிருக்கும் இந்தச் சந்தின் பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தவர் அவள் அப்பா. 'காத்திருந்தாள் சந்து' என்ற பலகையைப் பார்த்து மூன்று வரன்கள் திரும்பிப் போயிருந்தன.

"மூணு நாளாச்சு. பழைய பேர் இன்னும் அப்படியே இருக்கு?"

"வெள்ளை அடிச்சா காயுதுங்க. காலையில பழைய எழுத்து மேல வந்து நிக்குது... ஈரமா."

"வேலை தெரியலைன்னு சொல்லுங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. ஏணியை மடக்கினான். "வேற ஆளைப் பாத்துக்கோங்க."

வேலையை ரத்து செய்ய அலுவலகத்துக்கு வந்தான். பதிவேட்டைத் திறந்தவள், பெயர்க்காரணம் என்ற கட்டத்தைப் படித்து நின்றுவிட்டாள். 'பலகை எழுத வந்த வெளியூர்க்காரன், இந்தச் சந்துப் பெண் ஒருத்தியிடம் நாளை பெண் கேட்க வருவதாகச் சொல்லிப் போனான். வரவில்லை. மாடி ஜன்னலில் நின்றபடியே அவள் இறந்தாள்.'

"குடும்பப் பேர் சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

"வராதவர் வீடு."

"அது என்ன பேரு?"

"பாட்டன் காலத்துப் பேரு. அவங்களும் பலகை எழுதினவங்கதான். காரணம் யாருக்கும் தெரியாது."

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

இருவரும் சந்துக்குத் திரும்பினார்கள். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த அந்தப் பெண் வீட்டின் மாடி ஜன்னல் திறந்திருந்தது...

"போறேன்னு சொன்னேன். போக மனசு வரல," என்றான். "மூணு நாளா நீங்க இந்த வழியா போறதைத்தான் பாத்துட்டிருக்கேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு உங்க அப்பாகிட்ட பேச வரேன்."

அவள் மாடி ஜன்னலைப் பார்த்தாள். "அன்னைக்கு வந்தவரும் அப்படித்தான் சொன்னார்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். விட்டால் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

"நாளைக்கு வேண்டாம். இப்பவே வாங்க... எனக்கும் பிடிச்சிருக்கு."

அவள் வீட்டுப் படியில் அவன் கால் வைத்ததும், பின்னால் மாடி ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தார்கள். பலகை வெறும் வெள்ளையாக இருந்தது.

கதவு திறந்தது. "யாரும்மா இது?" என்றார் அப்பா.

"வந்துட்டாருப்பா."