படம் மட்டும்

பிளக்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

தேஜஸ்வினி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கையில் பென்டிரைவ். மணி நாலே முக்கால்.

அட்டையில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. 'தொடாதே. ஸ்ரீனிவாசன். காலை 7.10.'

"அம்மா, இதை அப்பா எப்போ கட்டினார்?"

ரமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"தெரியாதே. நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் டியூட்டிக்குப் போயிட்டார்."

"போன் பண்ணும்மா."

"உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும். மௌலா அலியில் அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் ஒருவர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

சிவப்பு அட்டையையும் எல்லாருக்கும் தெரியும். அதன் பெயர் டேக். தொழிற்சாலையில் ஒரு மெஷின் பழுதானால் சுவிட்சை அணைத்து டேக் கட்டுவார்கள். கட்டியவர் மட்டும்தான் அவிழ்க்கலாம். பெரிய அதிகாரி வந்தாலும் அவிழ்க்க முடியாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒழுகும் குழாயில் டேக். சங்கிலி அறுந்த ஊஞ்சலில் டேக். ஒருமுறை ரமா முறுக்கு டப்பாவில் டேக் கட்டினாள். தீபாவளி வரை அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

இன்று டேக் தொங்கியது ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில்.

தேஜஸ்வினியின் வீட்டில் டிவி கிடையாது. அப்பா அலுவலக ஏலத்தில் ஒரு பழைய புரொஜெக்டர் எடுத்திருந்தார். பிளேயரில் பென்டிரைவைச் செருகினால் படம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் படத்தை புரொஜெக்டருக்கும் அனுப்பும். புரொஜெக்டர் படத்தைச் சுவரில் காட்டும். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

பென்டிரைவில் இருந்தது ஒன்பது நிமிடப் படம். ஒரு மாதமாக ரகசியமாக எடுத்தது. ரோகிணிக்காக.

ரோகிணியின் அப்பாவுக்குக் கல்பாக்கத்துக்கு மாற்றல். சாமான் லாரி காலையிலேயே போய்விட்டது. ஆறு மணிக்கு ரோகிணியும் அம்மாவும் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறார்கள். ஐந்து மணிக்கு இங்கே டிபன் சாப்பிட வருகிறார்கள். படம் இருப்பது ரோகிணிக்குத் தெரியாது.

ஜெயந்த் உள்ளே வந்தான். பக்கத்து வீடு. படத்தில் அவனும் இருந்தான். டேக்கைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"ஹவ்லே," என்று கடைசியில் அந்த ஊர் உருதுவில் திட்டினான். "இன்னிக்கா?"

"உங்க வீட்டு டிவியில போடலாமா?"

"அக்காவுக்குப் பரீட்சைன்னு அப்பா டிவியைப் பரண்ல ஏத்திட்டார். அண்ணன் லேப்டாப் இருக்கு. ஆனா அது மாதாப்பூர் ஆபீஸ் லேப்டாப். பென்டிரைவ் செருகினா அவன் மேனேஜருக்கு மெயில் போகும்."

"அம்மா, உன் போன்ல படம் இருக்கா?"

"இடம் இல்லைன்னு படத்தை அழிச்சாச்சே," என்றாள் ரமா. அவள் முகம் சுருங்கியது.

ஜெயந்த் பிளக்கின் அருகே குனிந்தான்.

"பத்து நிமிஷம் அவிழ்க்கலாம். படம் முடிஞ்சதும் திரும்பக் கட்டிடலாம். யாருக்குத் தெரியும்?"

"வேண்டாம்."

"உங்க அப்பாதானே? திட்டினா நான் வாங்கிக்கறேன்."

"நக்கோ, ஜெயந்த். வேண்டாம்னா வேண்டாம். கையை எடு."

அவன் கையை எடுத்தான். "அப்போ படம்?"

தேஜஸ்வினி அலமாரியிலிருந்து கேபிள் பெட்டியை இழுத்துத் தரையில் வைத்தாள்.

பிளேயரிலிருந்து நேராக புரொஜெக்டருக்கு. நடுவில் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். புரொஜெக்டருக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. ஒரு கேபிள் போதும். ஆனால் எந்தக் கேபிள்?

முதல் கேபிளின் இரண்டு முனைகளும் ஒல்லி. பிளேயரில் நுழைந்தது. புரொஜெக்டரில் நுழையவில்லை. புரொஜெக்டரின் துளை அகலமாக இருந்தது.

இரண்டாவதில் ஒரு மூலை சரிவாக வெட்டியிருந்தது. அது எதிலுமே நுழையவில்லை.

மூன்றாவதற்கு ஒரு முனை ஒல்லி. மறுமுனை அகலம். அதில் வரிசை வரிசையாக ஊசிகள். இரண்டு பக்கமும் திருகு.

தேஜஸ்வினி புரொஜெக்டரிலிருந்த பழைய கேபிளின் திருகைக் கழற்றினாள். இதை வைத்து அழுத்தினாள். பொருந்தியது.

வாசல் மணி அடித்தது.

ரோகிணியும் அவள் அம்மா பாமாவும் வந்தார்கள். பின்னாலேயே கீழ்வீட்டு செல்லப்பா அங்கிள். அவர் ரிடையர் ஆகி மூன்று வருடம். டேக்கைப் பார்த்ததும் தானாகவே ஓரடி தள்ளி உட்கார்ந்தார்.

"என்ன நடக்குது இங்கே?" என்றாள் ரோகிணி.

"உட்காரு. சுவரைப் பாரு."

விளக்கை அணைத்தார்கள். தேஜஸ்வினி பட்டனை அழுத்தினாள்.

சுவர் நீலமானது. பிறகு ரோகிணி படிக்கும் பள்ளி வாசல் வந்தது. பிறகு ஊஞ்சல். ரோகிணி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கா?"

சுவரில் ஜெயந்த் வந்தான். வாயை அசைத்தான்.

சத்தம் வரவில்லை.

தேஜஸ்வினி பிளேயரின் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஜெயந்த் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"ஜெயந்த் அண்ணா மீன் மாதிரி இருக்கான்," என்றான் அச்யுத். அவன் தேஜஸ்வினியின் தம்பி. ஐந்து வயது.

யாரும் சிரிக்கவில்லை.

அச்யுத் தரையில் உட்கார்ந்து கேபிளைத் தடவினான். அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அப்பா எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டுவார். அச்யுத் இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தான்.

"ப-ட-ம் ம-ட்-டு-ம்," என்று படித்தான்.

தேஜஸ்வினி சீட்டைப் பார்த்தாள். புரிந்தது. இந்தக் கேபிள் வழியாகச் சத்தம் வராது. எத்தனை முறை அழுத்தினாலும் வராது.

மணி ஐந்து இருபது.

"பரவாயில்லை, தேஜு," என்றாள் ரோகிணி. "படம் நல்லா இருக்கு." அவள் குரல் நன்றாக இல்லை.

தேஜஸ்வினி படத்தை நிறுத்தினாள். முதலிலிருந்து வைத்தாள்.

"ஜெயந்த், எழுந்து வா. சுவர்கிட்ட நில்லு. உன் முகம் வரும்போது நீயே பேசு."

"இப்பவா? எல்லார் முன்னாலயுமா?"

"என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருபது தடவை எடுக்க வெச்சியே. மறக்குமா?"

படம் ஓடியது. சுவரில் பெரிய ஜெயந்த். கீழே சின்ன ஜெயந்த்.

"ரோகிணி, நீ என் சைக்கிளைக் கால்வாயில் விட்டே. அதை நான் எங்க அப்பாகிட்ட சொல்லலை," என்றான் சின்ன ஜெயந்த்.

பாமா திடுக்கிட்டுத் திரும்பினாள். "எந்தக் கால்வாய்?"

"அப்புறம் சொல்றேம்மா," என்றாள் ரோகிணி.

அடுத்து செல்லப்பா அங்கிள். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். படத்தில் வாய் மூடிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். அச்யுத்துக்கு வசனம் மறந்துவிட்டது. ஒரு பாட்டு பாடினான். படத்தில் அவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு மங்கலான காட்சி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த முதல் நாள். பெட்டிகளின் நடுவே ரோகிணி. எட்டு வயது. இரட்டைப் பின்னல். பாமாவிடம் தேஜஸ்வினி கேட்டு வாங்கிய காட்சி அது.

சின்ன ரோகிணியின் வாய் அசைந்தது.

தேஜஸ்வினி ரோகிணியைப் பார்த்தாள். ரோகிணி மெல்ல எழுந்தாள். சுவர் அருகே போய் நின்றாள்.

"எனக்கு இந்த ஊர் பிடிக்கலை," என்றாள். "எப்போம்மா திரும்பிப் போவோம்?"

அவ்வளவுதான் படம். சுவர் மறுபடி நீலமானது.

பாமா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ரோகிணி சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"நிஜமாவே அப்படியா சொன்னே?" என்றான் ஜெயந்த்.

"அப்போ உங்களை எல்லாம் தெரியாதே," என்றாள் ரோகிணி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரீனிவாசன் உள்ளே வந்தார். சுவரில் நீல வெளிச்சத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யார் பிளக்கைப் போட்டது?"

"யாரும் போடலைப்பா. டேக் அப்படியே இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். அட்டை இருந்தது. கயிறு இருந்தது. முடிச்சும் அவர் போட்டபடியே இருந்தது. மெல்ல மூச்சு விட்டார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க."

ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். டேக்கை அவிழ்த்தார். பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். டெஸ்டரின் முனையை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பில் வைத்தார்.

டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

யாரும் அசையவில்லை. ஜெயந்த் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"காலையில் என்னைத் தூக்கி அடிச்சது," என்றார் ஸ்ரீனிவாசன். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். "டேக் கட்டிட்டு ஓடிட்டேன். ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கணும். தப்பு என்னுது." தேஜஸ்வினியைப் பார்த்தார். "அவிழ்க்கணும்னு தோணலையா?"

"தோணிச்சு," என்றாள் அவள்.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது.

ஸ்ரீனிவாசனின் பையில் இன்னும் இரண்டு புது டேக் இருந்தன. தேஜஸ்வினி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு படி இறங்கினாள். ரோகிணியின் பெட்டி டாக்ஸி அருகே நின்றது. அதன் கைப்பிடியில் டேக்கைக் கட்டினாள். மூன்று முடிச்சு.

ரோகிணி குனிந்து படித்தாள். 'தொடாதே. தேஜஸ்வினி. மாலை 6.05.'

"இதை யார் அவிழ்க்கறது?"

"கட்டினவங்கதான்."

"அப்போ நீ கல்பாக்கம் வரணும்."

"வரணும்."

டாக்ஸிக்காரர் பெட்டியைத் தூக்க வந்தார். டேக் கைப்பிடியை மறைத்தது. அதை ஒதுக்கப் போனார்.

"நக்கோ அண்ணா," என்றாள் ரோகிணி. "அடியில பிடிங்க."