முதல் கடிதத்துக்கும் முந்திய தேதி

சனிக்கிழமை, காலை 11.20.

கடிதத்தைக் காணோம்.

தஹ்மீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும்.

"வந்துடுச்சாம்மா?" பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீரையன் கேட்டார். காலை எட்டு மணிக்கே வந்துவிட்ட மனுஷர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உழவர் சங்கத்தில் பதினைந்து வருஷமாக ஒரே மெயில் புரோகிராம். அதைச் செய்த கம்பெனியே கைகழுவி வெகு காலமாயிற்று. ஒரு மாதமாக வருகிற கடிதம் வரும், போகிற கடிதம் போகாது. கடைவீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தஹ்மீனாவை, மாற்று ஒன்று பார்த்துப் போடச் சொன்னார்கள். அதிராம்பட்டினத்துக்காரி, எடுத்த காரியத்தை அரைகுறையாக விடமாட்டாள். இரண்டு புது புரோகிராம்கள் பழைய கடிதங்களைத் தொடவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டன. மூன்றாவதுதான் வழிக்கு வந்தது. ஒன்றைத் தவிர எல்லாக் கடிதங்களும் புதுசுக்குள் வந்து சேர்ந்தன. அந்த ஒன்றுதான் வீரையனின் உயிர்.

சிங்கப்பூரில் இருந்த அமிர்தலிங்கத்தின் ஒன்பது மா நிலத்தை வீரையன் குடும்பம் நாற்பது வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறது. நிலம் வீரையனுக்கே என்று விலையும் பேசி, சங்கத்துக்கு மெயில் எழுதியிருந்தார் அமிர்தலிங்கம். பத்திரம் ஆவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மெயிலின் பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. சங்கத்துப் புரோகிராமோ கடிதத்தை இறக்கிக்கொண்டால் சர்வரில் மிச்சம் வைக்காத ரகம். ஆக, உலகத்திலேயே அந்தக் கடிதம் இருந்தது இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

இன்று நாலு மணிக்கு அமிர்தலிங்கத்தின் மகள் கலைமகள் வருகிறாள். "அப்பா எழுதினதைக் கண்ணால பார்த்துட்டா எனக்கு மறுபேச்சு இல்ல. இல்லேன்னா திங்கட்கிழமை தம்பி பேருக்குப் பவர் எழுதிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். தம்பி என்றால் சித்தப்பா மகன் ராஜ்குமார். அவன் பவர் வாங்கினால் வீரையன் வரப்பில்கூட நிற்க முடியாது.

11.45. செய்தி பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"புதன்கிழமை நானே வீரையனுக்குப் படிச்சுக் காட்டினேனே!" என்று மாரில் கை வைத்தாள் சங்கத்து எழுத்தர் ஈஸ்வரி. "போட்டோ எடுத்து அனுப்பிடலாம்னேன். ராஜ்குமார் தம்பிதான், போட்டோவை யாரு வேணா ஜோடிக்கலாம், அக்காவே நேர்ல வந்து பாக்கட்டும்னுச்சு."

தலைவர் கோவிந்தராசு தஹ்மீனாவை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துவரைக்கும் இருந்தது இன்னிக்கு இல்லேன்னா, இன்னிக்குக் கை வெச்சவங்களைத்தானேம்மா கேக்கணும்?"

"விடுங்க தலைவரே" என்றான் ராஜ்குமார் இரக்கமாக. "பாவம், தெரியாம நடந்திருக்கும். மெஷினும் பழசு. பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க, நான் புது லேப்டாப் வாங்கித் தர்றேன்."

தஹ்மீனாவுக்குச் சுருக்கென்றது. திட்டியவரைவிட இரக்கப்பட்டவன்மேல்தான் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகம் போதுமா? கதவுச் சாவி எதிர் டீக்கடை ஆணியில் தொங்குகிறது. பாஸ்வேர்டு திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம். கோவிந்தராசுவுக்கும் வீரையனுக்கும் வாய்க்கால் தகராறு வேறு பழசு.

வீரையன் அழவில்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. "வியாழக்கிழமையே சகுனம் சரியில்லம்மா" என்றார், தலைவரும் ராஜ்குமாரும் வெளியே போனபிறகு. "கரண்ட் வந்துச்சு, வீட்டுல லைட் எரியுது, மோட்டார் ஓடல. ஐயா வயல்ல நாத்தங்கால் ராத்திரி பூரா காஞ்சு கெடந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையிலதான் தண்ணி பாய்ஞ்சுது."

ஐயா வயல். நாற்பது வருஷமாக அவர் வாயில் அந்தப் பெயர்தான்.

12.30. தஹ்மீனா பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். காலையில் ஃபோல்டர்களைக் கடைசியாக மாறிய தேதிவாரியாக அடுக்கித்தான் நகல் எடுத்திருந்தாள். 'அமிர்தலிங்கம் ஐயா' ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது: 2010 ஜனவரி 1, 00.25. ஏதோ பழசு என்று காலையில் விட்டுவிட்டாள்.

"ஈஸ்வரியக்கா, இந்த ஃபோல்டரை எப்ப தொறந்தீங்க?"

"ஐயா மொதல்ல மெயில் போட்டப்ப. 2019."

"தேதி 2010னு காட்டுதே?"

"அந்தச் சனியனுக்குள்ள பேட்டரி செத்துப் போச்சும்மா. கரண்ட் போய் வந்தா தானா எழுந்துக்கும், நாள் கிழமையை மறந்துடும். காலையில வந்ததும் மொத வேலையா தேதி வெப்பேன். இல்லேன்னா மெயில் வராது."

00.25 என்பதைத் தஹ்மீனா ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள். மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "வியாழக்கிழமை மாதாந்திர ஷட்டவுன் முடிஞ்சு சாயங்காலம் 6.10க்குக் கரண்ட் வந்துச்சே, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"தஞ்சாவூர்ல, எங்க அக்கா மக வளைகாப்புல" என்றாள் ஈஸ்வரி. மத்தியானமே கிளம்பிவிட்டாளாம். செல்போனில் படம் இருந்தது: 6.40, வாய் நிறைய புளிசாதம்.

"மோட்டார் கொட்டகையில நின்னுக்கிட்டு லைன்மேனுக்கு போன் மேல போன் போட்டேன்" என்றார் கோவிந்தராசு. "ஏம்மா, கடிதம் போச்சுங்கறே, கரண்டைக் கேக்கறே?"

ராஜ்குமார் சிரித்தான். "எல்லாரும் இருந்த எடத்துலதான். கரண்ட் வந்ததும் போர்வெல்லுக்கு ஓடினேன். மோட்டாரைப் போட்டுட்டு எட்டு மணி வரைக்கும் நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டினேன்."

"உங்க போர் எங்கண்ணே இருக்கு?"

"வீரையன் போருக்கு அடுத்தது. ஒரே டிரான்ஸ்பார்மர்தான்."

"சரிண்ணே" என்றாள் தஹ்மீனா.

4.10. கலைமகள் காரிலிருந்து இறங்கினாள். "கடிதம் இல்லேன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் உட்காரும் முன்பே.

"நேத்து வரைக்கும் இருந்ததா எல்லாரும் நெனைக்கிறாங்க" என்றாள் தஹ்மீனா. "வியாழக்கிழமை சாயங்காலமே போயிடுச்சு. 6.35க்கு."

கோவிந்தராசு நிமிர்ந்தார்.

"2019ல தொறந்த ஃபோல்டருக்கு 2010னு எப்படித் தேதி விழும்? மொத லெட்டர் வர்றதுக்கு ஒம்பது வருஷம் முந்தி! இந்த மெஷின் கரண்ட் வந்ததும் தானா எழுந்து, 2010 ஜனவரி ஒண்ணு, பூஜ்ய மணியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஐயா இறந்தப்புறம் அந்த ஃபோல்டருக்குப் புதுசா எதுவும் வரல. கடைசியா அதுல கை வெச்சது இருபத்தஞ்சாவது நிமிஷத்துல. புதன்கிழமை கடிதம் இருந்துச்சு. அதுக்கப்புறம் கரண்ட் போனது வியாழன் மட்டும்தான். 6.10லேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷம் கூட்டுங்க. ஈஸ்வரியக்காவா இருந்தா கை தானா தேதி வெச்சிருக்கும். வந்தவருக்கு இந்த மெஷினோட வியாதி தெரியாது."

"யாரும்மா அது?" என்றார் கோவிந்தராசு.

"எல்லாரும் மோட்டாருக்கு ஓடுற நேரம்னு பார்த்து வந்தவரு. வீரையன் ஐயா, அன்னிக்கு ஏன் மோட்டார் ஓடல?"

"மோட்டாருக்கான த்ரீ பேஸ் விடலையேம்மா! வீட்டு கரண்டுதான் விட்டான். வெள்ளி காலையிலதான் வந்துச்சு."

"அதுக்குத்தான லைன்மேனைத் திட்டினேன்!" என்றார் கோவிந்தராசு.

தஹ்மீனா ராஜ்குமார் பக்கம் திரும்பினாள். "நெசமா போருக்குப் போனவங்க எல்லாம் திட்டிக்கிட்டே திரும்பினாங்கண்ணே. நீங்க மட்டும் ஓடாத மோட்டாரை வெச்சு எட்டு மணி வரைக்கும் தண்ணி கட்டியிருக்கீங்க. தெருவுல லைட்டைப் பார்த்தீங்க, மோட்டாரும் ஓடியிருக்கும்னு நெனைச்சுட்டீங்க."

நுணல் தன் வாயால் கெட்டது. ராஜ்குமாரின் முகம் வெளிறி, பிறகு கல்லாயிற்று.

"சரி, நான்தான்னே வெச்சுக்குங்க" என்றான். "லெட்டர் எங்க? அக்கா, பார்த்தாதான் பேச்சுன்னு சொன்னீங்க. காட்டச் சொல்லுங்க."

கலைமகள் கண்ணை மூடிக்கொண்டாள். வீரையனின் தலை குனிந்தது. இவ்வளவு கண்டுபிடித்தும் விடிந்தது இவ்வளவுதானா?

"உக்காருங்கண்ணே, போயிடாதீங்க" என்றாள் தஹ்மீனா. "இந்தப் பழைய புரோகிராம் சோம்பேறி. அழின்னா அழிக்காது. அழிச்சதுன்னு ஒரு குறி போட்டு மறைச்சு வெச்சுக்கும். குப்பையைக் கூட்டுன்னு தனியா சொன்னாதான் நெசமாவே போகும். அதை நீங்க சொல்லல. காலையில நானும் அந்தக் குறியைக் கவனிக்கல. இப்ப எடுத்துட்டேன்."

புதுப் புரோகிராமில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பதினொன்று பன்னிரண்டாயிற்று.

கலைமகள் திரைக்கு அருகில் போய்ச் சத்தமாகப் படித்தாள். "...ஒன்பது மாவும் வீரையனுக்கே. பேசிய விலையில் மாற்றமில்லை. அவன் வியர்வை என் மகள் படிப்பாக மாறியது. என் மகளுக்கும் இது தெரியட்டும்..." அழுதாள். அழுது முடித்தபோது ராஜ்குமார் நாற்காலியில் இல்லை. யாரும் அவனைத் தேடவும் இல்லை.

"திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துடுங்க" என்றாள் கலைமகள் வீரையனிடம். "பத்திரம் எழுதிடலாம்."

கோவிந்தராசு தொண்டையைச் செருமிக்கொண்டு, தஹ்மீனாவுக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார். மன்னிப்பு என்பதை அவர் அப்படித்தான் கேட்பார்.

வீரையன் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டிருந்தார்.

"டீ குடிச்சுட்டுப் போங்கய்யா" என்றாள் தஹ்மீனா.

"இல்லம்மா, அஞ்சு மணிக்கு த்ரீ பேஸ் விடுவான். ஐயா வயலுக்கு..." நிறுத்தினார். நாலு பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் வயலுக்குத் தண்ணி கட்டணும்."