காது வைத்த பெட்டி

"செட்டக் கழத்தக் கூடாதுன்னா கூடாதுதான்—"

"எம்மா, யாரு கழத்தச் சொன்னா? ஒரு ஒயரு, ஒரே ஒரு ஒயரு—"

"ஒயருன்னுதான் ஆரம்பிப்பாக. அப்புறம் பழசு, பார்ட்ஸ் கிடைக்காதும்பாக. புதுசு ஒண்ண மாட்டி விட்டுட்டுப் பழசத் தூக்கிப் போட்டுருவாக—"

"அண்ணாச்சி இங்கனதான் நிக்காக. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நிக்காக."

"கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

தேவமணி கையில் திருப்புளியோடு அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றார். பாளையங்கோட்டை ரோட்டில் அவர் காருக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்து முப்பது வருஷம். தகரக் கொட்டகை, ஒரு மேஜை, பற்றவைக்கும் கம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம். ஆனி மாதத்துக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து தகரத்தில் இறைத்தது. வெள்ளை மாருதி ஒன்று, கதவோரமெல்லாம் துருப்பிடித்து, கொட்டகைக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது.

"தினமும் திருநெல்வேலிக்கு ஓட்டுதேன் அண்ணாச்சி," என்றாள் மகள் பானுப்ரியா. "ஸ்கேன் சென்டர்ல மதியம் ரெண்டு மணிக்கு வேல. போகும்போதும் வரும்போதும் என் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டுப் போறேன். ரேடியோ செத்துப் பத்து வருசமாச்சு. போன்ல இருக்க பாட்டு இந்தப் பொட்டியில வரணும். அம்புட்டுதான்."

"காத்துச் சத்தத்தக் கேளு," என்றாள் அம்மா செல்வராணி.

"எம்மா, நீயே பேசி முடி. நான் டீ குடிக்கப் போறேன்."

"ஏளா. போறேன்னு சொல்லாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"வாரேன், வாரேன், வாரேன். போதுமா?"

"வா," என்றாள் அம்மா உடனே. அந்த ஒரு சொல்லில் சண்டை எதுவும் இல்லை.

மகள் ரோட்டைத் தாண்டும் வரைக்கும் தேவமணி காத்திருந்தார்.

"ஏன் யக்கா, அந்தச் செட்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"குரலு. கேசட்டுல," என்றாள். "மாலத்தீவுக்கு வெங்காயம் ஏத்திக்கிட்டுத் தோணியில போனாக. பானுவுக்கு அப்போ மூணு மாசம். முந்தின நாள் பொழுதடைய வீட்டு டேப்புல பிள்ளைக்குன்னு பேசிப் பதிஞ்சாக. அழுதான்னா இந்தக் காருல போட்டுக் காட்டுன்னு சொன்னாக."

"தோணி?"

"வரல. ஒரு பலக கூடக் கரை ஒதுங்கல. கிளம்பும்போது வாசல்ல நின்னு 'வாரேன் ராணி'ன்னாக. அவுக மட்டுந்தான் என்னைய ராணின்னு கூப்பிடுவாக. எனக்கு அன்னைக்குக் கோவம், பச்சப் பிள்ளைய விட்டுட்டுப் போறாகளேன்னு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். 'வாங்க'ன்னு சொல்லல."

இந்த ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்குவதில்லை. வாரேன் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் வா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

"எங்க மாமியா சாகுற வரைக்கும் அதச் சொல்லித்தான் என்னைய வஞ்சா. 'நீ வான்னு சொல்லலளா, அதான் என் மவன் வரல'ன்னு. கேசட்டுலயும் கடைசியா அதத்தான் சொல்லுதாக. 'வாரேன் ராணி'. அமாவாசைக்கு அமாவாசை காருக்குள்ள உக்காந்து போட்டுக் கேப்பேன். கேட்டதும் 'வாங்க'ன்னு சொல்லுவேன்."

"இத்தன வருசமாவா?"

"இருவத்தாறு வருசமா. திதி கூடக் குடுக்கல அண்ணாச்சி. உடம்பப் பாக்காம எப்படிக் குடுக்க?"

அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கேசட்டைப் படிக்கும் ஹெட்டிலிருந்து வரும் ஒயரை அறுத்து, நடுவில் ஒரு சுவிட்சு வைப்பார். மேலே தள்ளினால் கேசட் பேசும். கீழே தள்ளினால் போன் பாடும்.

"ஒண்ணு மட்டும். உள்ள ஒரு கேசட்டு சுத்திக்கிட்டே இருக்கணும். சுத்துனாத்தான் இந்தப் பொட்டி வாயத் திறக்கும். அவரு கேசட்டே கிடக்கட்டும். சுவிட்சு கீழ இருந்தா சும்மா சுத்தும், பேசாது."

"அழிஞ்சிராதே?"

"அழியாது. நான் பொறுப்பு." அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து மேலும் சொன்னார்: "இத்தன வருசமும் இந்தப் பொட்டிக்கு வாய் மட்டுந்தான் யக்கா. நீங்க வாங்க வாங்கன்னு சொன்னது எதுவும் அதுக்குக் கேட்டிருக்காது. இன்னைக்குத்தான் காது வைக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வச்சிருங்க," என்றாள்.

வேலை முடியும்போது உச்சி வெயில். காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் குத்தியது. பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சோற்றுக்குப் போய்விட்டார்கள். ரோட்டில் ஒரு லாரி இல்லை.

செட்டைத் திரும்ப மாட்டி, புது ஒயரைச் சாம்பல் தட்டின் ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிட்டார். நுனியில், போனில் குத்துவதற்கு, பளபளவென்று ஒரு பின். கேசட்டை உள்ளே தள்ளினார். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய எழுத்து ஒரு கணம் தெரிந்து மறைந்தது: பானு பாப்பாவுக்கு. சுவிட்சைக் கீழே தள்ளினார். கேசட் சத்தமில்லாமல் சுற்றியது.

"இப்போ பாருங்க யக்கா. காது கேக்குதான்னு பாப்போம்."

பின்னின் நுனியை விரலால் தொட்டார். உர்ர்ர் என்று இரைந்தது ஸ்பீக்கர். விரலை எடுத்தார். நின்றது.

"மனுச உடம்பு பட்டா இரையும். இரைஞ்சா வேல சரியா இருக்குன்னு அர்த்தம்."

பின்னைத் தொங்கவிட்டுவிட்டு இறங்கி, சாமான்களை எடுத்து வைக்க மேஜைக்குப் போனார். செல்வராணி திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உர்ர்ர்.

அவர் திரும்பினார். காருக்குள் யாரும் இல்லை. அந்தப் பின் சாம்பல் தட்டுக்குக் கீழே தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் படவில்லை.

"நீங்க தொட்டீகளா?"

"நான் இங்கனல்ல நிக்கேன்."

இரைச்சல் நின்றது. மறுபடி வந்தது. ஒருவர் விரலை வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைப்பது போல.

பிறகு எடுக்கவில்லை.

அடிக்கடலின் வாடை வந்தது. கரையில் அடிக்கும் மீன் வாடை இல்லை. வெயிலே படாத பாசியும், ஊறிப்போன சாக்கும், அழுகின வெங்காயமும் கலந்த வாடை. இரைச்சலுக்கு அடியில் ஏதோ கொப்பளித்தது. ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டுப் பேசுவது போலிருந்தது.

"...ரேன் ராணி."

"வாங்க," என்றாள் செல்வராணி.

இருபத்தாறு வருஷப் பழக்கம். யோசித்துச் சொன்னதில்லை.

இரைச்சல் நின்றுவிட்டது. காரின் இடது பக்கம், முன் சீட்டுக்கு நேராக, மெல்லத் தாழ்ந்தது.

தேவமணி பாய்ந்து சாவியைத் திருகி அணைத்தார். "சுவிட்சு கீழதான் இருக்கு," என்றார். "ஹெட்டு ஒயரு அறுத்துக் கிடக்கு. கேசட்டு பேச வழியே கிடையாது."

"கேசட்டு இல்ல அண்ணாச்சி. கேசட்டுல அவுக அதச் சொல்லும்போது பின்னால பிள்ள அழுவா." அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. முகம் கல்யாணப் பெண்ணின் முகம் போல இருந்தது. "இதுல பிள்ள அழல."

அவர் பின்னைக் கையில் எடுத்தார். கால் மணி நேரத்துக்கு முன்னால் உறையைப் பிரித்து மாட்டியது. நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மேலே உப்பு பூத்திருந்தது.

"யக்கா, இத இப்பவே அறுத்துருதேன்."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அறுத்தீகன்னா நான் இங்கனயே செத்துருவேன்."

"என்ன, இன்னுமா சண்டை?" பானுப்ரியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "முடிஞ்சிருச்சா அண்ணாச்சி? ஐயய்ய, என்ன இந்த நாத்தம். கருவாட்டு லாரி எதுவும் போச்சா?"

செல்வராணி அவர் கையை விட்டாள். பானு உட்கார்ந்து, சாவியைத் திருகி, பின்னைத் துடைத்துப் போனில் குத்தினாள். பாட்டு வந்தது. சுத்தமாக, எந்தக் குறையும் இல்லாமல்.

"இதுக்குப் போயி மூணு மாசம் மல்லுக்கு நின்னியே. நீ ஆட்டோவுல போயிரு, எனக்கு நேரமாச்சு. வாரேம்மா."

"வா," என்றாள் செல்வராணி. ஆனால் அவள் பார்த்தது மகளை இல்லை, பக்கத்துச் சீட்டை.

கார் பின்னால் நகர்ந்து ரோட்டில் ஏறியது. மெலிந்த ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருக்கும் வண்டி. அது இடது பக்கம் சாய்ந்தே போனது.

வெகுநேரம் கழித்துத் தேவமணி கேட்டார். "கேசட்டுல முழுசா என்ன சொல்லுதாரு யக்கா?"

அவளுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, அவன் இழுக்கும் இடத்தில் இழுத்து, சிரிக்கும் இடத்தில் சிரித்துச் சொன்னாள். "பாப்பா, அழாத தாயி. அப்பா வந்துருவேன். வந்ததும் முத வேலையா உன்னையக் காருல வச்சு, தோணி நிக்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். அம்மா கோவக்காரி, அவ வரமாட்டா. நாம ரெண்டு பேரு மட்டும்..."

நின்றாள்.

"நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்," என்றாள் மெதுவாக. அந்தச் சொற்களை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டவள் போல இருந்தது.

அவர் தன் போனை எடுத்தார். பானுவின் எண்ணைக் கேட்டு அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினார். ஏழெட்டு மணி அடித்த பிறகு பானு எடுத்தாள்.

"ஏளா பானு, எங்கன இருக்க? திருநெல்வேலி ரோட்டுல புதுக்கோட்டை தாண்டிட்டியா?"

"இல்லம்மா. திரும்பச் சொன்னாக. திரும்பிட்டேன்."

"யாரு சொன்னா?"

எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

"பாட்டு நின்னுருச்சும்மா," என்றாள் பானு. சின்னப் பிள்ளைக் குரல். "ஒயரப் புடுங்கிட்டேன். புடுங்கியும் பேசுதாக. எம்மா, காலுல தண்ணி. முழங்கால் வரைக்கும்."

"வண்டிய நிறுத்துளா."

"நிறுத்திட்டேன். சாவியக் கையிலதான் வச்சிருக்கேன்."

"இறங்கு. இறங்கி ஓடு."

"நிறுத்திட்டேம்மா. ஆனா போயிக்கிட்டுத்தான் இருக்கு."

அலைச் சத்தம் கேட்டது. மரத்தோடு மரம் உரசும் சத்தம். அந்தச் சத்தம் தேவமணிக்குத் தெரியும். பழைய துறைமுகத்தில் தோணிகள் பக்கம் பக்கமாகக் கட்டிக் கிடக்கும்போது அப்படித்தான் உரசும். இங்கிருந்து பைக்கில் போனால் இருபது நிமிஷம். ஓடிப்போய்ப் பைக்கை உதைத்தார். உதைத்துக்கொண்டே, "ஏறுங்க யக்கா," என்றார்.

அவள் ஏறவில்லை. போன் இரைய ஆரம்பித்திருந்தது.

உர்ர்ர்.

தேவமணியின் கால் பைக்கின் மேலேயே நின்றது. விரல் பட்டால் வரும் இரைச்சல்.

இந்த முறை ஒன்றின் மேல் ஒன்றாக இரைந்தது. ஒரு விரல் இல்லை. இரண்டு.

"பானு," என்றாள் செல்வராணி. "பானு. ஏ தாயி."

இரைச்சல் மெல்ல அடங்கியது. தண்ணீரின் சத்தமும் இல்லை. உப்பளத்தில் ஒரு கொக்கு கூட இல்லை. போனில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

வா என்று சொன்னால் என்ன வரும் என்பது அவளுக்கு இப்போது தெரியும். சொல்லாவிட்டால் யார் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். வாயைத் திறந்தபடி நின்றாள்.

வந்தது பானுவின் குரல்தான். அதே குரல், காலையில் டீ குடிக்கப் போகும்போது கேட்ட அதே குரல். ஈரமாக மட்டும் இருந்தது.

"வாரேன் ராணி. ஏளா, இந்தத் தடவையாவது வான்னு சொல்லுளா."