இரண்டாவது சூடு

"ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!"

ஷெட் மூலையில் செல்போன் அலறியது.

அக்கா திரும்பவில்லை. அவளுக்கு ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் தெர்மாமீட்டர்.

எதிரே, நான்கு முக்காலிகளின் மேல் மல்லாந்து கிடந்தது ஒரு விமான இறக்கை! மர எலும்பு. அதன்மேல் ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டிய வெள்ளைத் துணி. கம்பெனி சரக்கு இல்லை. பகலில் வெல்டிங் பட்டறையில் வெந்து, மிச்ச நேரத்தில் அக்கா தன் கையால் கட்டுகிற சின்ன விமானம்.

"டேய் பிளேடு! அந்தக் கழுதையை எடுடா!"

அக்காவின் தம்பி ஓடினான். விரலெல்லாம் பசை. மூக்காலேயே ஸ்பீக்கரை அமுக்கினான்.

கரகரத்த குரல்...

"இறக்கைக்கு ரெண்டாவது சூடு குடுக்காதே... குடுத்தா, அந்த ஷெட்ல ஒரு உயிர் போகும்!"

டக்!

லைன் செத்தது.

"யாரும்மா? கரண்ட் ஆபீஸா?" என்றார் அக்காவின் புருஷன். லாரி டிரைவர். முந்தாநாளிலிருந்து மூக்குக்கண்ணாடியைக் காணாமல், தரையைத் தடவிக்கொண்டே திரிகிறார்.

"உயிர் போகுமாங்க!"

"அய்யய்யோ! என் கண்ணாடி கெடைக்கறதுக்கு முன்னாடியா?"

"நல்லா இருக்கே நாடகம்...!"

மூவரும் திரும்பினார்கள்.

வாசலில் பெண் இன்ஸ்பெக்டர். இடுப்பில் விலங்கு மின்னியது.

"போன் பண்ணவன் உன் கூட்டாளியா?" பிளேடைப் பார்த்துக் கேட்டாள்.

பிளேடு ஒரு காலத்தில் பஸ்ஸில் பாக்கெட் அடித்துப் பிழைத்தவன். ஜெயிலுக்குப் போய் வந்தபின் அக்கா ஷெட்டில் பசை தடவுகிறான். தொழில் போயிற்று. பெயர் போகவில்லை!

முந்தாநாள், பக்கத்து விமானக் கிளப் தலைவரின் மனைவி கைகழுவப் போன இடத்தில் வைர நெக்லஸைக் கழற்றி வைத்தாள். திரும்பினால்... காணோம்! உடனே கிளப்புக்கும் இந்த ஷெட்டுக்கும் பொதுவான கேட்டைப் பூட்டினார்கள். ஒருத்தர் விடாமல் சோதனை. நெக்லஸ் அகப்படவில்லை. பழி மட்டும் அகப்பட்டது... பிளேடின் தலையில்!

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தேன். முடிஞ்சுது. நகை வரலே... நீ வா."

"மேடம்!" அக்கா குறுக்கே வந்தாள். "இன்னொரு தடவை உள்ள போனான்னா இவன் மனுஷனா வெளிய வரமாட்டான். ஒரு நிமிஷம்... போன்ல அவன் என்ன சொன்னான்? ரெண்டாவது சூடுன்னான்!"

"அதனால?"

"முதல் சூடு முடிஞ்சது தெரிஞ்சவன்தானே அப்படிச் சொல்லுவான்? அது எங்க மூணு பேருக்குத் தெரியும். அப்புறம்... நேத்து எட்டிப் பார்த்துட்டுப் போனாரே, பரிசோதகர் சார், அவருக்குத் தெரியும்!"

"சூடு குடுத்தா அவனுக்கு என்ன நஷ்டம்?"

"முதல் சூட்டுல துணி பாதிதான் இறுகும். ஓரத்துப் பசையைக் கரைச்சு, உள்ள கையை விட்டு எதையாவது எடுத்துட்டு, மறுபடியும் ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது. ரெண்டாவது சூட்டுல மத்தளம் மாதிரி விறைச்சுக்கும். அப்புறம் தொறந்தா தொறந்ததுதான்... சேரவே சேராது!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"அப்போ... இறக்கைக்குள்ள ஏதோ இருக்கு?"

"யாரு என் இறக்கையைப் பத்திப் பேசறது?"

பளபளவென்று கோட் போட்ட மனிதர் நுழைந்தார். பரிசோதகர்! துணி போர்த்துமுன் எலும்பை, போர்த்தியபின் துணியை... அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் இறக்கை பறக்கும்.

"வாங்க சார்!" பிளேடு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். "அடடா, கோட்டுல பசை நூலு ஒட்டியிருக்கே..." தோளைத் தட்டினான். இடுப்பைத் தட்டினான்.

"சரி சரி, தள்ளு! அம்மா, பெட்டியைக் கீழ வை. ரெண்டாவது சூடு வேண்டாம். எலும்பு கோணிக்கும்!"

"முந்தாநாள் நீங்கதானே சார் எலும்பு இரும்பு மாதிரி இருக்குன்னீங்க?"

"இப்ப சந்தேகமா இருக்கு. இறக்கையை என் ஆபீஸுக்கு அனுப்பிடு!"

அக்கா தெர்மாமீட்டரைப் பெட்டியின் அடியில் வைத்தாள். முள் ஏறியது... நின்றது.

"சூடு சரியா இருக்கு சார்."

பெட்டியைத் துணியில் இறக்கினாள்!

ஸ்ஸ்ஸ்...

பெட்டி நகர நகர, சுருக்கங்கள் ஓடி ஒளிந்தன. கிழவி முகம் குமரி முகமானது! பரிசோதகரின் முகம் மட்டும் அதற்கு நேர்மாறாக ஆகிக்கொண்டிருந்தது.

"வேர்க்குதா சார்?" என்றார் லாரி டிரைவர்.

"கண்ணாடி இல்லாம உனக்கு எப்படிய்யா தெரியுது?"

"சொட்டற சத்தம் கேக்குதே!"

அக்கா பெட்டியை வைத்தாள். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டினாள்.

டங்... டங்... டங்...

கிர்ர்ர்!

காதைத் துணியருகே கொண்டுபோனாள்.

மறுபடி தட்டினாள்.

கிர்ர்ர்...!

"உள்ள ஏதோ துணியில உரசுது."

"வெட்டு!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

வெட்டுவதா? குனிந்து குனிந்து முதுகு ஒடிய ஒட்டிய துணி! அக்கா இறக்கையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

கத்தியை எடுத்தாள்.

சரக்!

விறைத்த துணி வாயைப் பிளந்தது. அக்கா உள்ளே கைவிட்டாள்... எலும்பின் மூலையில் பசை வைத்து ஒட்டிய ஒரு வெல்வெட் பை! பிய்த்தெடுத்தாள்.

அவள் முகம் வெளுத்தது.

பரிசோதகர் குதித்தார். "பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்! பசை தடவுனவன் எவன்? இவன்தான் ஒளிச்சு வச்சிருக்கான்! ஜெயில் புத்தி போகுமா?"

"டேய்..." அக்காவின் குரல் உடைந்தது. "உனக்காக இறக்கையையே கிழிச்சேனேடா!"

பிளேடு பையையே பார்த்தான்.

விலங்கு கிளிங்கென்றது. ஒரு கையால் பிளேடைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இன்ஸ்பெக்டர் பையைக் கவிழ்த்தாள்.

விழுந்தது...

மூக்குக்கண்ணாடி!

"என் கண்ணாடி!" என்று பாய்ந்தார் லாரி டிரைவர்.

"கண்ணாடியா?" பரிசோதகர் வீறிட்டார். "இதுக்குள்ள எப்படிடா கண்ணாடி வரும்? நெக்லஸை நானே என் கையாலதானே இந்தப் பையில..."

நிறுத்தினார்.

இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டே 'டிக்' என்றது.

"சொல்லுங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர் இனிமையாக. "நல்லாத்தானே போயிட்டிருந்துது?"

விலங்கு கை மாறியது!

"கேட்டைப் பூட்டிட்டாங்க..." என்று முனகினார் பரிசோதகர். "எலும்பைப் பார்க்கற சாக்குல உள்ள ஒட்டினேன். மறுநாள் எடுத்துக்கலாம்னு இருந்தேன். இதுங்க ராவோட ராவா துணியைப் போர்த்திடுச்சுங்க! அதான் குரலை மாத்திப் போன்ல மிரட்டினேன்!"

"அது சரி... நெக்லஸ் எங்கே?"

பிளேடு தொண்டையைக் கனைத்தான்.

"பசை தடவறப்போ பையைப் பார்த்தேன் மேடம். நான் எடுத்துக் குடுத்தா, கண்டெடுத்தேன்னு யாரு நம்புவா? அதான் சரக்கை எடுத்துட்டு, பை கனமா இருக்கட்டும்னு மாமா கண்ணாடியைப் போட்டேன். சரக்கைத் தேடி எவன் வர்றான்னு பார்க்கலாம்னு..."

"அடப்பாவி!" என்றார் மாமா. "ரெண்டு நாளா உங்க அக்கான்னு நெனச்சு அலமாரிகிட்டப் பேசிட்டிருந்தேன்டா!"

"அதான் வீடு அமைதியா இருந்துதா?" என்ற அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியின் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். "இந்தக் கட்டத்தை நீதான்டா மறுபடியும் ஒட்டணும். நெக்லஸைக் குடுத்துத் தொலை!"

"என்கிட்ட ஏதுக்கா? சார் கோட்டுல பாருங்க மேடம். வலது பாக்கெட்டு."

இன்ஸ்பெக்டர் கையை விட்டாள்.

வைரங்கள் ஜொலித்தன!

"டேய்... நீ தொழிலை விட்டுட்டேன்னு சொன்னியே?"

"விட்டுட்டேன் மேடம்! அப்பல்லாம் பாக்கெட்டுல இருந்து எடுப்பேன்... இப்பல்லாம் வச்சுட்டு வந்துடறேன்!"