ஒரே கை ஓட்டின வண்டி

நோண்டி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் கண்ணில் பட்ட எதையும் நோண்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அதனால் வீட்டில் அவள் நோண்டிதான்.

அவளுடைய அம்மா மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பஸ் மாறி அம்மா வீடு வந்து சேருவதற்குள் நோண்டி தூங்கிவிடுவாள். அப்பா நல்லவர்தான். சாப்பாடு போடுவார், கணக்குச் சொல்லித் தருவார். ஆனால் நோண்டி பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தால் போதும், பாதியிலேயே குறட்டை விடுவார். அம்மாவிடம் சொல்ல வேண்டிய கதைகள் மட்டும் ஏகமாகச் சேர்ந்துபோயிருந்தன.

ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் அம்மா இருட்டுவதற்குள் வந்துவிடலாம். அதற்காகத்தான் ஒரு விடுமுறை நாளில் அம்மாவும் நோண்டியும் பழைய வண்டி விற்கும் கடைக்கு வந்திருந்தார்கள்.

"இதைப் பாருங்கம்மா!" கடைக்காரர் ஒரு சிவப்பு வண்டியைத் தட்டிக்கொடுத்தார். "மீட்டரைப் பாருங்க, ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. பெட்ரோல் வாசனையைக் காட்டினாலே பறக்கும். ஒரே கை ஓட்டின வண்டி வேற!"

நோண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே கையால் ஓட்டினாரா? அப்படியானால் இன்னொரு கை எங்கே இருந்தது? சட்டைப்பையிலா?

அம்மா விலை பேச ஆரம்பித்தாள். நோண்டி நைசாக முன்பக்கம் போய் இரண்டு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்தாள். ஒரு பக்க ரப்பர்தானே தேய்ந்திருக்க வேண்டும்? இரண்டுமே வழவழவென்று இருந்தன. பிடிமானத்துக்கான வரி ஒன்றுகூட மிச்சமில்லை. குனிந்து பார்த்தாள். கால் வைக்கும் ரப்பரும் வழுக்கைத் தலை மாதிரி இருந்தது.

மூன்று வருடமாக ஓட்டும் அவளுடைய சைக்கிளில்கூட ரப்பர் இப்படித் தேயவில்லை. இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்!

சொன்னால் வண்டி வீட்டுக்கு வராது. அம்மாவும் சீக்கிரம் வர மாட்டாள். பேசாமல் இருந்துவிடலாமா?

ஆனால் மருத்துவமனையிலிருந்து வரும் வழியில், பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனால்? இருட்டில் அம்மா தனியாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டுமே.

"மாமா, அவருக்கு ரெண்டு கையும் இருந்திருக்கு!" என்றாள் சத்தமாக.

"யாருக்கு?"

"இந்த வண்டியை ஓட்டினவருக்கு. ரெண்டு பக்கமும் ரப்பர் தேஞ்சிருக்கு பாருங்க."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட பாப்பா! ஒரே கைன்னா, ஒரே ஆள்கிட்ட இருந்த வண்டின்னு அர்த்தம்!"

நோண்டி வெட்கத்தில் நெளிந்தாள். ஆனாலும் விடவில்லை.

"சரி மாமா. ஆனா ஒன்பதாயிரம் ஓடினதுக்கா இப்படித் தேஞ்சுது? கால் ரப்பரையும் பாருங்களேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். கடைக்காரரும் குனிந்தார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பியை இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"அடப்பாவி! இது அறுந்து எத்தனை வருஷமாச்சோ! மீட்டர் தூங்கியிருக்கு, வண்டி மட்டும் ஓடியிருக்கு. எனக்கு வித்தவன் என் தலையிலயே மிளகாய் அரைச்சிட்டானே!" என்று தலையில் கை வைத்தார்.

"பரவால்லைங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்றாள் அம்மா. நோண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அவளுடைய கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள்.

வாசலுக்குப் போகும் வழியில், மூலையில் தூசி படிந்து ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது.

"மாமா, அது?"

"அது அறுபதாயிரம் ஓடினதும்மா. மீட்டரைப் பாத்ததுமே எல்லாரும் ஓடிப்போயிடறாங்க."

நோண்டி ஓடவில்லை. கைப்பிடியைத் தடவினாள், கால் ரப்பரை நோண்டினாள். இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன.

"அம்மா, இது பொய் சொல்லலம்மா. பாத்தா எவ்வளவு பழசோ, மீட்டர்லயும் அவ்வளவு இருக்கு."

அம்மா ஏறி உட்கார்ந்து கிக்கரை ஓர் உதை உதைத்தாள். வண்டி உடனே கிளம்பியது. புகை இல்லை, கடகட சத்தமும் இல்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிரேக் போட்டாள். நினைத்த இடத்தில் நின்றது. இறங்கும்போது அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"பின் டயர் மட்டும் பழசு. நானே மாத்தித் தர்றேன்" என்றார் கடைக்காரர். பிறகு நோண்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "லிட்டருக்கு நாற்பதுதான் குடுக்கும். வாசனைக்கெல்லாம் பறக்காது" என்றார்.

அன்று மாலை அம்மா வண்டியை ஓட்ட, நோண்டி பின்னால் உட்கார்ந்து அம்மாவின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இது எத்தனை கை வண்டி தெரியுமா?"

"ரெண்டாங்கை வண்டி."

"இல்லவே இல்ல. உன் கை ரெண்டு, என் கை ரெண்டு. நாலு கை வண்டி!"

அம்மா சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

"சரிடி என் நோண்டி, சேத்து வச்ச கதையில முதல் கதையைச் சொல்லு. ஹெல்மெட்டுக்குள்ள கேக்கணும், கத்திச் சொல்லு!"

நோண்டி கத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.