கைச்சூடு

மழை கொட்டிய வேகத்தில் மைசூர் தேவராஜ மொஹல்லாவே ஒதுங்க இடம் தேடியது. தாரணி ஒதுங்க வரவில்லை. சொட்டச் சொட்ட வாட்ச் கடைக்குள் ஏறி, துப்பட்டாவில் பொத்தி வைத்திருந்த ஆம்பளை வாட்ச்சைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

“ஆட்டோமேட்டிக் வாட்ச்சைச் சுத்திச் சுத்தி ஓட வைக்கற பெட்டி இருக்காமே… ஹௌதா, நிஜந்தானா?”

கடைக்காரன் கவின்ராஜ் நிமிர்ந்தான். தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகால்காரன். அவள் கண்களைப் பார்த்தான்… மழையில் நனைந்தவையா, அழுதவையா?

“இருக்குதுங்க, பம்பாய்ல இருந்து வரணும். ஆனா வேண்டாங்க… கையாட்டத்துலயே சாவி ஏறுற வாட்ச் இது. கழட்டி வெச்சா நிக்கும், கெட்டுப்போகாது. வேணுங்கறப்ப கட்டிக்கிட்டாப் போச்சு.”

“கட்டறவர் போய்ட்டார்! வியாபாரம் பண்ணத் தெரியலைன்னா கடையைச் சாத்துங்க.”

அவன் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருப்பவளுக்கு மன்னிப்பு நாக்கு நுனிக்கு வரவேண்டுமே…

அப்பா மாணிக்கவாசகம் போனதிலிருந்து வாட்ச் அவர் படத்துக்கு முன்னால்தான் இருந்தது. இறந்தவர் பொருளைக் கட்டக் கூடாது என்று அம்மா உமாதேவி விடமாட்டாள். தாரணி ஆட்டி ஆட்டி ஓடவிடுவாள். அது நிற்கும் ஒவ்வொரு முறையும் அப்பா மறுபடி செத்தார். அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

“பெட்டியை வரவழைங்க. வர்ற வரைக்கும் வாட்ச் இங்கேயே இருக்கட்டும். நின்ன வாட்ச்சோட வீட்டுக்குப் போக முடியாது.”

அப்பாவின் வருஷத் திதி வந்தது. படத்துக்கு முன்னால் வைக்க வாட்ச் வேண்டும் என்று அம்மாவும் கூடவே கடைக்கு வந்தாள். பார்த்தால்… அது கவின்ராஜ் கையில்!

“யாரைக் கேட்டுக் கட்டினீங்க?” தாரணி பொரிந்தாள்.

“பெட்டி இன்னும் வரலீங்க… நின்னுபோனா அழுவீங்களேன்னு…”

திருடன்போல் அவசரமாகக் கழற்றினான். அடியில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு கைக்குட்டை.

“இது எதுக்கு?”

“செயின் எனக்குத் தொளதொளங்குதுங்க. ரெண்டு கண்ணி எடுத்தாச் சரியாயிரும். அப்பா அளவை மாத்த மனசு வரலீங்க.”

அம்மா வாட்ச்சை வாங்கினாள். திட்டப் போகிறாள் என்று தாரணி பயந்தாள். அம்மாவோ அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“சூடா இருக்குடி… ராத்திரி அவர் கழட்டித் தர்றப்ப இப்படித்தான் இருக்கும்…”

அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். திதி முடிந்து, வாட்ச் மறுபடி நின்றும் போனது.

அடுத்த மழையில் தாரணி தனியாக வந்தாள், அந்த வாட்ச்சோடு.

“பெட்டி வந்திருச்சுங்க.” மேஜைமேல் அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“வேண்டாம்… ஓடினா மட்டும் போதாதாம், சூடு வேணுமாம். அம்மா சொல்றாங்க.” வாட்ச்சை அவன் பக்கம் நகர்த்தினாள். “எனக்கும்தான்… நீங்களே கட்டிக்குங்க. வீட்டுக்கு வந்து, அம்மா கையால.”

அவன் காது மடல் சிவந்தது. “எங்க பக்கம் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குத்தானுங்க வாட்ச் கட்டுவாங்க…”

“மைசூர்லயும் அப்படித்தான்… அஷ்டே!”

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்ட அப்பா இல்லையே…

“ரெண்டு கண்ணியை எடுத்துடுங்க… உங்க கைக்குச் சரியா.”

கவின்ராஜ் கைக்குட்டையை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

“வேண்டாங்க. அப்பாவுக்கும் எடம் இருக்கட்டும்.”