எட்டு நாற்பது, சரியான நேரம்

எங்கள் ஸ்டேஷனுக்கு எட்டு நாற்பது பாசஞ்சர் எட்டு நாற்பதுக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதற்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் உண்டு. பிளாட்பாரத்தில் தவழ்ந்த குழந்தை, வண்டி வருவதற்குள் எழுந்து நடந்ததை நானே பார்த்தேன். சத்தியம்.

ஸ்டேஷன் மாஸ்டராகப் பொறுப்பேற்ற வாரமே வழி கண்டுபிடித்துவிட்டேன். காலையில் வந்ததும் ரிஜிஸ்டரில் ‘எட்டு நாற்பது, சரியான நேரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வண்டி சாவகாசமாக வந்துகொள்ளட்டும். மேலிடம் குளிர்ந்துபோய், நேரம் தவறாமைக்குக் கேடயமே அனுப்பியது.

அன்று எழுதியது ஆயிரமாவது பொய்யாக இருக்கும். மனைவியின் தம்பி, புது வேலையில் சேரப் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றான். முந்தைய ஸ்டேஷனிலிருந்து போன். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறதாம், ஐம்பது நிமிஷம் ஆகுமாம்.

போனை வைத்தேன். மணி எட்டு நாற்பது.

வண்டி வந்து நின்றது.

சத்தமே இல்லை. வெயில் மங்கியது. நனைந்த சாம்பல் வாடை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். அத்தனையும் என்னையே முறைத்தன.

மச்சினன் படியில் கால் வைத்தான். “பரவாயில்லையே மாமா, உங்க வண்டிக்கும் ரோஷம் வந்துடுச்சு.”

இறங்கச் சொல்லிக் கத்தினேன். கதவு தானே சாத்திக்கொண்டது.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ரிஜிஸ்டரை என் முன்னால் தள்ளினார். “நீங்க எழுதிவெச்சதுக்குத்தான் வந்திருக்கு சார். அந்த வரியை அடிச்சிடுங்க.”

பேனாவை எடுத்தேன். அடித்தால் இத்தனை நாள் எழுதியதும் பொய் என்றாகும், கேடயம் போகும். ஒரு மூச்சு யோசித்தேன், அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது தண்டவாளம் காலி.

ஒன்பதரைக்கு நிஜ வண்டி முக்கி முனகி வந்தது. மச்சினன் எங்குமே போய்ச் சேரவில்லை. மனைவி இன்னும் அவன் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள்.

நான் ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம். அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்தாயிற்று. ஆனாலும் தினமும் எட்டு நாற்பதுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் சாம்பல் வாடை. ஒரு நொடி முன்பின் கிடையாது. கேடயம் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

வேலையில்லாதவனுக்கு நாள் சீக்கிரம் முடிந்துவிடும். இன்று மாலையே நாட்காட்டித் தாளைக் கிழித்தேன்.

நாளைய தாளில் மச்சினனின் கோணல் எழுத்து.

‘மாமா. எட்டு நாற்பது, சரியான நேரம்.’

பயல், என்னிடம் கற்ற வேலை.

கீழே இருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது.